சிக்னல் மேடத்தின் இரண்டு தாள்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர்களுக்கு உரிமம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதுதான் அவளுடைய வேலை. அந்த அலுவலகத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சேர்ந்த இரண்டாவது வாரமே ‘சிக்னல் மேடம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. காரணம் அவள் முகம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே காதோரத்தில் தொடங்கி, கன்னம், மூக்கு, நெற்றி என்று குப்பென்று சிவந்துவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் ஓரக்கண்ணால் அதைப் பார்ப்பார். பெரிய தப்பு ஏதோ செய்துவிட்டோம் என்று நினைத்து நட்டநடுச் சாலையில் பிரேக்கை மிதிப்பார். அதுவரை தப்பே செய்யாதவர், செய்ததாக நினைத்துத்தான் செய்வார்.

அவளுக்குக் கோபமே வராது. வந்தாலும் அது தன்மேல்தான் வரும். விஷயம் வேறு. உடம்பில் மாஸ்ட் செல் என்று ஒரு வகை உயிரணுக்கள் உண்டு. ஒரு மாதிரி காவல்காரர்கள். எல்லாருக்கும் இருப்பவர்கள்தான், ஆனால் அவளுக்கு வாய்த்தவர்கள் சரியான அவசரக்குடுக்கைகள். வெயில் பட்டாலும், சென்ட் வாசனை வந்தாலும், சட்டைக் காலர் கழுத்தில் உரசினாலும், திருடன் புகுந்துவிட்டான் என்று ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை அள்ளி வீசிவிடுவார்கள். முகம் சிவக்கும், தோல் அரிக்கும், வயிறு சுருட்டிப் பிடிக்கும், சில நாள் தலையும் சுற்றும். போன வருடம்தான் நோய்க்குப் பெயர் தெரிந்தது. டாக்டரம்மா இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்று தூக்கம் வராத வகை அலர்ஜி மாத்திரை. இன்னொன்று வயிற்றில் அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. இரண்டும் காலையும் மாலையும். ஆபத்துக்கு என்று ஓர் ஊசி, எப்போதும் கைப்பையில்.

இதை அவள் அலுவலகத்தில் வாய் திறந்து சொல்லவில்லை. வேலையில் சேரும்போது கொடுத்த படிவத்தில் இந்த நோய்க்குக் கட்டம் இல்லை. அவளும் ஓரத்தில் எழுதவில்லை. அதற்குள் ‘அந்த மேடம் முகத்தைப் பார்த்தாலே கை நடுங்குது’ என்று இரண்டு புகார் வந்துவிட்டன. தகுதிகாண் காலமான ஆறு மாதம் முடிவதற்குள் மூன்றாவது வந்தால் சாலை வேலை கிடையாது, உள்ளே புகைப்பட அறைக்குப் போக வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். புகைப்பட அறையில் ஜன்னல் இல்லை. தலைக்கு மேல் நான்கு பெரிய விளக்குகள் அனலாய்க் காயும். அங்கே போய் உட்கார்ந்தால் காவல்காரர்கள் ஒரு நிமிடம் ஓயமாட்டார்கள். அது போகட்டும், அவளுக்குச் சாலை பிடிக்கும். ஒருவர் முதல்முறையாகச் சரியாக வளைத்துத் திருப்பும்போது அவருடைய தோள் இறங்கும் பாருங்கள், அதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆகவே ஒரு திட்டம் போட்டிருந்தாள். நோய் கட்டுக்குள் இருக்கிறது, சாலை வேலை செய்யலாம் என்று டாக்டரம்மாவிடம் ஒரு கடிதம் வாங்குவது. அந்தக் கடிதத்தோடு போய் மேலாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது. மூன்று மாதம் தினமும் குறித்து எடுத்து வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார் டாக்டரம்மா.

குறிப்பு எழுதுவதென்றால் அவளுக்குச் சொல்லவா வேண்டும். அலுவலகத் தேர்வுத் தாளையே எடுத்துக்கொண்டாள். இடது ஓரத்தில் தேதி. ‘சிறு தவறு’ என்ற கட்டத்தில் அரிப்பு, லேசான சிவப்பு. ‘பெரும் தவறு’ என்ற கட்டத்தில் வயிற்று வலி, தலைசுற்றல். அலர்ஜி மாத்திரை போட்டதற்கு ஒரு ‘சரி’ குறி. வரிசையின் கடைசியில் அன்றைய முடிவு: தேர்ச்சி அல்லது தோல்வி. இரவல் வாங்கிய உடம்பைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவள் மாதிரி எழுதினாள். இருந்தாலும் சந்தேகம் விடாது. உண்மையிலேயே சிவந்ததா, வெளிச்சம் அப்படியா என்று அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

வயிற்று மாத்திரைக்கு மட்டும் அவள் கட்டம் போடவில்லை. அது வயிற்றுக்குத்தானே, தோலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டாள். அவள் இருந்தது அண்ணன் வீட்டில். அண்ணியும் அப்படித்தான் கேலி செய்வாள். “நீ சாப்பிடறதே ஒரு கைப்பிடி பாப்பா. அது செரிக்கறதுக்கு மாத்திரை வேறயா?” மாத்திரைப் பெட்டி சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடி பக்கத்தில் இருக்கும். மாதம் முழுக்க வரவேண்டிய வயிற்று மாத்திரை இருபத்து நாலாம் தேதி வாக்கில் தீர்ந்துவிடும். மருந்துக் கடையில் ஒன்றாம் தேதிதான் அடுத்தது தருவார்கள். மறந்துபோய் ஒரே வேளையில் இரண்டு இரண்டாகப் போட்டிருப்பேன், எனக்குப் புத்தி எங்கே இருக்கிறது என்று அவள் தன்னையே திட்டிக்கொள்வாள். வயிற்றுக்குத்தானே, ஒரு வாரம் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவாள்.

டாக்டரம்மாவைப் பார்க்கிற நாள் இருபத்தெட்டாம் தேதி வந்தது. அரை நாள் விடுப்பு. காலையில் கடைசியாகத் தேர்வுக்கு வந்தவர் ஒரு ரொட்டிக் கடைக்காரர். ஆள் வாட்டசாட்டம். காது மடலில் மாவு. இதற்கு முன் இரண்டு முறை கோட்டை விட்டவர். கடை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மச்சான் கோபித்துக்கொண்டு போய்விட்டதால், இனி தானே ஓட்டினால்தான் ரொட்டி போய்ச் சேரும் என்ற நிலை. வெற்றியோடு திரும்பவேண்டும் என்று சென்ட்டில் குளித்துவிட்டு வந்திருந்தார்.

இரண்டாவது சாலைச் சந்திப்பிலேயே அவள் முகம் பற்றிக்கொண்டது. அவர் பார்த்தார். ஆனால் பிரேக்கை மிதிக்கவில்லை. இருபது வருடம் அடுப்பு முன்னால் நின்ற மனிதருக்குச் சிவந்த முகம் ஒரு பொருட்டே இல்லை. நான்கு சிறு தவறுகளோடு தேறிவிட்டார். அவளுக்கோ வயிறு முறுக்கியது, டாக்டரம்மாவைப் பார்க்கும் நேரமும் நெருங்கியது. கையிலிருந்த எழுதும் அட்டையிலிருந்து தாளை உருவி மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அட்டையில் ஒரே தலைப்புப் போட்ட தாள்கள் இரண்டு விதம் இருந்தன. ஒன்று அவருடைய தேர்வுத் தாள். மற்றது குண்டூசி குத்திய அவளுடைய மூன்று மாதம்.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

“‘கண்ணாடி பார்ப்பதே இல்லை’ன்னு எழுதியிருக்கீங்க. முகம் சிவக்கறதால பார்க்கப் பிடிக்கலையா?”

அவளுக்குப் புரியவில்லை. தினமும் பார்ப்பேன் என்றாள்.

“‘வட்டத்தைச் சுற்றும்போது பதற்றம்’. இது தலைசுத்தலா?” அவர் இன்னும் கீழே போனார். “‘பின்னால் வர ரொம்பத் தயங்குகிறார்.’ யாரும்மா அவர்? சரி, கடைசில ‘தேர்ச்சி’ன்னு போட்டிருக்கீங்க. சந்தோஷம்.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் சிவப்பதற்குப் பதிலாக வெளுத்துப்போனது. டாக்டரம்மாவிடம் பாதி விளக்கம் சொல்லி, மீதியைப் படியிறங்கும்போது தனக்கே சொல்லிக்கொண்டு, அலுவலகத்துக்கு ஓடினாள்.

பயந்தபடியே ஆகியிருந்தது. மேலாளர் அறையில் ரொட்டிக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். மூன்று தாளும் மேஜைமேல் விரித்திருந்தன. மேலாளர் மனிதர்களைவிடக் காகிதத்தை நம்புகிறவர். நம்பும்படியான காகிதமாகவும் இல்லாமல், தள்ளிவிடும்படியாகவும் இல்லாமல் ஒன்று வந்து சேர்ந்ததில் விழித்துக்கொண்டிருந்தார். ரொட்டிக் கடைக்காரர் வந்தது என்னவோ புகார் கொடுக்கத்தான். தான் ஒரு தேர்வுக்குத்தான் வந்ததாகவும், இதில் மூன்று மாதத்துக்கு முடிவு போட்டிருப்பதாகவும், தன் வயிறு சத்தம் போடுவதற்கெல்லாம் மார்க் குறைப்பது எந்த ஊர் நியாயம் என்றும் அவர் கேட்டிருந்தார்.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நோயின் பெயர், மாத்திரைகள், படிவத்தின் ஓரத்தில் எழுதாமல் விட்டது, கடிதம் கையில் வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தது. மேலாளர் ஏன் மறைத்தாய் என்று கேட்டார். சொன்னால் உள்ளே போட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றாள். அவர் மறுக்கவில்லை.

தன் தாள் வேறு, அதில் தேர்ச்சி என்று தெரிந்ததும் ரொட்டிக் கடைக்காரரின் புகார் காற்றில் போய்விட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கையில் வந்த தேர்ச்சித் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அவளுடைய தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வரி வரியாகப் படித்தவர் அல்லவா.

“மேடம், ஒண்ணு கேக்கவா? ஒவ்வொரு மாசமும் இருபத்துநாலு வரைக்கும் பெரும்பாலும் பாஸாகறீங்க. அதுக்கு மேல வரிசையா ஃபெயில். மூணு மாசமும் அப்படித்தான். எங்க கடைக் கணக்குத் தாள் இப்படி வந்தா, அன்னைக்கு ஈஸ்ட் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். உங்களுக்கு இருபத்துநாலுக்கு மேல என்ன தீருது?”

அவள் குனிந்து பார்த்தாள். தொண்ணூறு நாள் தானே எழுதி, தானே அழித்து, தானே திருத்திய தாள். அது அவள் கண்ணில் படவே இல்லை.

“வயித்து மாத்திரை,” என்றாள். “ஆனா அது வயித்துக்கு.”

மேலாளர் டாக்டரம்மாவுக்கே போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் டாக்டரம்மாவின் குரல் வந்ததும் மூன்று பேரும் மேஜைமேல் குனிந்தார்கள். ஹிஸ்டமின் போய் ஒட்டிக்கொள்கிற இடம் ஒரு வகை மட்டும் இல்லை. அலர்ஜி மாத்திரை ஒரு வகையை அடைக்கும், இந்த மாத்திரை இன்னொரு வகையை அடைக்கும். அமிலம் சுரப்பது அந்த இன்னொன்றால் என்பதால் வெளியே இதற்கு வயிற்று மாத்திரை என்று பெயர், அவ்வளவுதான் என்று அவர் விளக்கினார். அவள் அப்போதும் தயங்கினாள்.

“உங்க தேர்வு வண்டியில எத்தனை பிரேக்கும்மா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“ரெண்டு. ஓட்டறவங்களுக்கு ஒண்ணு, என் பக்கம் ஒண்ணு.”

“உங்க பக்கத்தது இல்லேன்னா ஏறி உட்காருவீங்களா?”

மாட்டேன் என்றாள். அப்புறம் ஏன் மாதத்தில் ஒரு வாரம் ஏறி உட்கார்ந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, வலியோ தலைசுற்றலோ வந்தால் இனி உடனே கூப்பிட வேண்டும் என்று ஒரு திட்டும் கொடுத்து அவர் போனை வைத்தார்.

மேலாளர் பேனா மூடியைத் திருகித் திறந்தார். பிறகு அடுத்த மாதம் இருபத்துநாலு முதல் முப்பது வரை தேர்வு என்றார். யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பின் இருக்கையில் தானே உட்கார்ந்து பார்ப்பதாகவும், டாக்டர் கடிதமும் வேண்டும் என்றும் சொன்னார். தாளை மாற்றிக் கொடுத்ததற்கு அவள் கோப்பில் சிறு தவறு ஒன்று எழுதிக்கொண்டார். ரொட்டிக் கடைக்காரர் வாசல்வரை போய்த் திரும்பினார். “கண்ணாடி பார்க்கவே இல்லைன்னு போட்டிருக்கீங்களே மேடம். ஒரு தடவை பார்த்தேனே,” என்றார். அது காதில் மாவு இருக்கிறதா என்று பார்த்தது என்று அவள் சொன்னாள்.

மாத்திரை எப்படித் தீர்கிறது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. ஒன்றாம் தேதி புது மாத்திரை அட்டைகள் வாங்கி வந்தவள், மாத்திரை ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பேனாவால் எண் போட்டு, பழைய இடத்திலேயே வைத்தாள். மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்தது. அண்ணன் நீளமாக ஓர் ஏப்பம் விட்டான். பேசிக்கொண்டே கையை நீட்டி, ஊறுகாயைத் தாண்டிப் பெட்டியைத் திறந்து, ஏழாம் எண்ணை உரித்து வாயில் போட்டுக்கொண்டான். பாக்குப் போடுகிற மாதிரி, அவ்வளவு இயல்பாக.

“அண்ணா, அது என்னோட பிரேக்.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெஞ்செரிச்சலுக்கு வீட்டில் பொதுவாக வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தானாம். அண்ணிக்கு உடனே விளங்கியது. தன் கேலிக்கும் இதில் பங்கு உண்டு என்று தெரிந்ததும் அவள் மொத்தப் பங்கையும் புருஷன் தலையில் இறக்கினாள்.

“கூடப் பொறந்தவ மருந்தை வெத்தலை பாக்கு மாதிரி மென்னிருக்கீங்க. நாளைக்கே உங்களுக்கும் ஒரு டாக்டரைப் பாருங்க. உங்க ஏப்பத்துக்குத் தனியா ஒரு தாள் போடணும்.”

அன்றே பெட்டி அண்ணியின் அலமாரிக்குள் போனது. தேர்வுத் தாளில் வயிற்று மாத்திரைக்கு ஒரு கட்டம் முளைத்தது. காலையும் மாலையும் அதில் அண்ணி கையெழுத்துப் போட்டாள். அவளைவிடக் கண்டிப்பு. ஐந்து நிமிடம் தாமதமானால் ‘சிறு தவறு’ என்று எழுதிவிடுவாள்.

இருபத்துநாலாம் தேதி மேலாளர் பின் இருக்கையில் ஏறினார். இருபத்தைந்திலும் ஏறினார். அவள் நிமிடத்துக்கு ஒரு முறை கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருபத்தாறாம் தேதி ஒரு கல்லூரிப் பெண் காரில் தொங்கவிடுகிற வாசனை அட்டையோடு வந்தாள். காதோரம் சூடேறியது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தாள். ஜன்னலை இறக்கி, அந்த அட்டையை வெளியே வைக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சிவப்பு கன்னம்வரை வந்து, அதற்கு மேல் ஏறாமல், வந்த வழியே இறங்கிவிட்டது. வயிறு சத்தமே போடவில்லை. தாளில் ‘லேசான சிவப்பு, பத்து நிமிடம்’ என்று எழுதினாள். எழுதியதை அழிக்கவில்லை.

முப்பதாம் தேதியும் முடிந்தது. டாக்டரம்மா கடிதம் கொடுத்தார். கட்டுக்குள் இருக்கிறது, இரண்டு மாத்திரையும் விடாமல் எடுக்கவேண்டும், ஊசி கைவசம் இருக்கவேண்டும், வண்டிக்குள் வாசனைப் பொருள் கூடாது என்று நான்கு வரி. மேலாளர் அதைக் கோப்பில் சேர்த்து, சாலை வேலைக்கு நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டார். வண்டிக் கதவில் ‘சென்ட் போட்டு வரவேண்டாம்’ என்று ஒரு தாளும் ஒட்டச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாவது புகார் வந்தது. மேலாளர் அவளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். ‘அந்த மேடம் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. தேறினேனா இல்லையா என்று கடைசிவரை தவிக்க விட்டுவிட்டார்.’

அவள் காதோரத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

“இதை எதில் சேர்க்கறது?” என்று கேட்டார் மேலாளர். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே டாக்டர் கடிதத்துக்குப் பின்னால் வைத்துக் குண்டூசி குத்தினார்.