வாத்திய அறையில் ஒருத்தி

என் பொண்ணு வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போனப்போ எல்லாத்தையும் வாரிச் சுருட்டிக்கிட்டுப் போனா. அலமாரியில அந்த ஜப்பான் படக்கதைப் புத்தகங்களை மட்டும் விட்டுட்டா. "பத்திரமா வெச்சிரும்மா, வந்து எடுத்துக்கறேன்"னு சொன்னா. எனக்கு அது போதும். புத்தகம் இங்க இருக்கற வரைக்கும் அவ வந்துதானே ஆகணும்? தினம் தூசி தட்டி வெச்சேன்.

வாராவாரம் போன் பண்ணுவா. "சாப்டியா?" "சாப்டேன். நீ?" "சாப்டேன்." அவ்வளவுதான். அதுக்கு மேல பேச எனக்கு என்ன தெரியும்? ஓட்டல் சலவைக்கூடத்துல நாள் பூரா படுக்கை விரிப்பு தேய்க்கறவ நான். மடிப்பைப் பத்தி எத்தனை வாரம் பேசறது? லீவுக்கு வர்றியான்னு கேட்டா, "பாக்கலாம்மா"ன்னா. எங்க சூப்பர்வைசரும் லீவு கேட்டா இதே "பாக்கலாம்"தான் சொல்லுவாரு. அதோட லட்சணம் எனக்குத் தெரியாதா?

சரி, அவளுக்குப் பிடிச்சதைப் படிச்சா நாலு வார்த்தை பேசலாமேன்னு முதல் புத்தகத்தை வேலைக்கு எடுத்துட்டுப் போனேன். நமக்குப் புரியற பாஷையில மாத்தினதுதான். ஸ்கூல்ல வாத்தியம் வாசிக்கற அஞ்சு பொண்ணுங்க கதை. சாப்பாட்டு நேரத்துல பிரிச்சேன். கூட வேலை செய்யறவ, குண்டூசின்னு நாங்க கூப்பிடறவ, எட்டிப் பார்த்து, "ஏழு கழுதை வயசாச்சு, பொம்மைப் புத்தகம் கேக்குதா அக்காவுக்கு?"ன்னா. "உன் இஸ்திரி கருகுது, போய்ப் பாரு"ன்னேன்.

ஒண்ணும் விளங்கல. ஒருத்தி பதில் சொல்றா, அப்புறம்தான் இன்னொருத்தி கேள்வியே கேக்கறா. எங்க வீட்லயும் அவ இருந்தப்போ நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே "முடியாது"ன்னு வரும், அதனால நான் பெருசா எடுத்துக்கல. ஆரம்பமே மேடைக் கச்சேரி, கைதட்டல். போகப் போகத்தான் கதை சோகமாகுது. டிரம்ஸ் அடிக்கற குட்டை முடிக்காரி சண்டை போட்டுட்டுக் காணாமப் போறா. பியானோ மேலயே தூங்கி வழியறவ போயிடறா. ரெட்டைப் பிறவிங்க ரெண்டும் கதவைச் சாத்திட்டுப் போகுதுங்க. கடைசியில டிரம்பெட் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தி மட்டும் காலி அறையில நிக்கறா. குண்டூசி பாக்கறதுக்குள்ள தேய்ச்ச விரிப்புலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

அந்த வாரம் போன் வந்ததும் முந்திக்கிட்டேன். "ஏன்டி, இந்த அழுமூஞ்சிக் கதைக்கா விழுந்து விழுந்து சிரிப்பே? ஒவ்வொருத்தியா விட்டுட்டுப் போறாளுங்க. அந்தப் பொண்ணு, பாவம், தனியா நிக்குது."

அந்தப் பக்கம் சிரிச்சா பாருங்க, மூச்சு முட்ட.

"அம்மா, ஜப்பான் புத்தகம் வலப்பக்கத்துலேர்ந்து படிக்கணும். நீ பின்னாலேர்ந்து வந்திருக்கே. அவ தனியா ஆரம்பிக்கறா, ஒவ்வொருத்தியா வந்து சேருவாங்க. காமெடிக் கதைம்மா."

எனக்கு அசடு வழிஞ்சுது. ஆனா அவ இப்படிச் சிரிச்சு எவ்வளவு காலமாச்சு. இதுக்காக மீதி எல்லாத்தையும் தலைகீழாவே படிக்கலாம் போல இருந்தது.

"இரு, சேர்ந்தே படிப்போம். நானும் எடுத்துக்கறேன்"னா.

"எதை எடுக்கறே? புத்தகம் இங்கல்ல இருக்கு?"

"இங்கயும் ஒரு செட் வாங்கிட்டேன்மா. எப்பவோ."

அப்போ இதுங்களுக்காக அவ வரப்போறதில்ல. "நல்லது"ன்னேன்.

அவ படிக்க ஆரம்பிச்சா. கதவு திறக்குது, காலி அறை, பெட்டியோட அந்தப் பொண்ணு. "இங்கேர்ந்துதாம்மா கதையே. கவலைப்படாதே, இனிமே எல்லாரும் வந்துருவாங்க."

"நீ எப்ப வருவே?"ன்னு கேட்டுட்டேன்.

போன்ல அவ பக்கம் புரட்டற சத்தம் கேட்டுது.

"அடுத்த பக்கம் திருப்பும்மா"ன்னா, கம்மின குரல்ல.

திருப்பினேன்.