கீழே ஒரு வரி

இவராகவும் இருக்கலாம்... என்று நினைத்துக்கொண்டேதான் அவள் அந்தப் பேருந்து ஓட்டுநரின் மூக்கின்மேல் சோதனைக் கண்ணாடியைப் பொருத்தினாள், காதோரம் பிடியைச் சரிசெய்யும்போது விரல் அவர் தோலில் படாமல் பார்த்துக்கொண்டாள், கொஞ்ச நாளாக இப்படித்தான், கண்ணாடிக் கடையின் இந்த இருட்டறைக்குள் யார் வந்து உட்கார்ந்தாலும் இவராகவும் இருக்கலாம், அந்தக் கையால என் மூஞ்சியத் தொட விடுவேனா என்று அவள் பேசிய வீடியோவுக்குக் கீழே எழுதியவன் எவனோ, அவனுக்கும் கண் ஒரு நாள் மங்கும்தானே, அப்போது இப்படி எங்காவது வந்து முகத்தை நீட்டத்தானே வேண்டும்? வலது கண்ணை மறைத்துவிட்டுப் படிக்கச் சொன்னாள். அவர் பள்ளிப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தார். ராத்திரியில் எதிரே வரும் விளக்கெல்லாம் சிதறித் தெரிகிறது என்று சொல்லியிருந்தார், அதற்கான லென்ஸைத் தேடினாள்.

அப்படி என்ன பெரிதாகப் பேசிவிட்டாள் அந்த வீடியோவில்? பிள்ளைகளைப் போனை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்க்க விடாதீர்கள், அவ்வப்போது சன்னல் வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான், முதலாளியம்மாதான் நீ பேசினால் எடுப்பாக இருக்கும் என்று நிற்கவைத்து எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டார். முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் ஒருவன், லைட்டைப் போடுங்கப்பா ஆளையே காணோம் என்று அவள் நிறத்தைச் சொல்லிச் சிரித்தான், அவனுக்குக் கீழே ஒருவன், அவனுக்கும் கீழே இன்னொருவன்... பிழைக்க வந்த கூட்டம் நமக்கே பாடம் எடுக்குது, இவ தாத்தனை இறக்கிவிட்ட கப்பல்லயே திருப்பி ஏத்துங்க, வீட்டுல அடக்க ஆம்பள இல்லியா... அப்புறம் அவள் உடம்பைப் பற்றி ஒரு வரி, கணவனிடம்கூட அதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை, எழுதியவன் தன் படமாக ஒரு கைக்குழந்தையின் படத்தை வைத்திருந்தான். இங்கேயே பிறந்தவள், இங்கேயே படித்தவள், இதை யாரிடம் போய்ச் சொல்வது, ஏன்தான் சொல்ல வேண்டும்? வேலை மெனக்கெட்டு அதையெல்லாம் ஏன் படிக்கிறாய், நாலு வெட்டிப்பயல்கள் என்றான் கணவன், அன்பாகத்தான் சொன்னான், அன்றிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். கடைசியில் முதலாளியம்மா, கடை பெயர் கெடுகிறது, கோபித்துக்கொள்ளாதே என்று வீடியோவையே எடுத்துவிட்டார், வீடியோ போனதும் கீழே இருந்தவையும் போயின, அப்பாடா என்றிருந்தது கணவனுக்கு.

“இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி இருந்ததா?”

“இப்பதாம்மா.” அவர் அவளை உற்றுப் பார்த்தார், லென்ஸுக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. “ஏம்மா, போன்ல பிள்ளைங்க கண்ணப் பத்திப் பேசினது நீங்கதானே? அதுக்குக் கீழ நானும் ஒண்ணு எழுதினேன்.”

லென்ஸ் பெட்டிக்குள் போன விரல்கள் அங்கேயே நின்றன. கதவு எந்தப் பக்கம்... முதலாளியம்மா வெளியேதான் இருக்கிறார், கூப்பிட்டால் கேட்கும், கூப்பிட்டு என்ன சொல்வது, இவர் எழுதினாராம் என்றா? எத்தனையோ முறை கற்பனை செய்த இடம் இது, கன்னத்தில் அறைவாள், காறித் துப்புவாள், இப்போது பார்த்தால் அவர் முகம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில், மோவாயில் சவரம் செய்த கீறலோடு, சும்மா காத்திருந்தது.

“என்ன எழுதினீங்க?” என்று கேட்டாள். தெளிவா இருக்கா என்று கேட்கும் அதே குரலில்தான் கேட்க முடிந்தது.

அவர் உண்மையாகவே யோசித்தார். “ஞாபகம் இல்லம்மா. வண்டி எடுக்கற வரைக்கும் சும்மா உக்காந்திருப்போம்ல... எல்லாரும் எழுதினாங்க, நானும் ஏதோ எழுதினேன்.”

அந்த முகத்தில் வெட்கமும் இல்லை, வஞ்சமும் இல்லை. அவள் லென்ஸை மாற்றினாள், சரியான அளவைத்தான் போட்டாள். இப்ப வெளிச்சம் சிதறலம்மா, நல்லா இருப்பீங்க என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். இருட்டறையில் அவள் தனியாக நின்றாள். நல்லதாகவும் எழுதியிருக்கலாம் இல்லையா, நல்லதாக நாலு பேர் எழுதாமலா இருந்திருப்பார்கள், யோசித்துப் பார்த்தாள், அதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை, மற்றவை மட்டும் எழுத்துப்பிழை மாறாமல் வரிசையாக வந்தன, லைட்டைப் போடுங்கப்பா... இது அவர் குரலுக்குப் பொருந்துகிறதா? கப்பல்? இல்லை, அடுத்தது? வெளியே அடுத்தவர் செருமினார், வரலாமா என்றார், ஒரு நிமிஷம் என்றாள். வீடியோ இல்லை, எழுதியவருக்கே நினைவில்லை, அப்படியானால் அதெல்லாம் இப்போது எங்கேதான் இருக்கிறது... என்று கேட்டுக்கொண்டபோதுதான், தன் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.