பதினேழு கிலோ

சூளகிரி முலாம் பூசும் ஆலையின் ஆய்வகத்துக்கு மேற்பார்வையாளர் ராஜசேகர் போன் செய்தார். "மாதேஸ்வரி, பழைய சோடியம் சல்பைடு முப்பத்தொம்போது கிலோ கெடக்குது. கழிவு ஆசிட் தொட்டியில கொட்டிடறோம்மா." அவள் வாய் திறக்குமுன் வைத்துவிட்டார்.

விஷவாயு வரும் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு? சமன்பாட்டை எழுதினாள். எழுபத்தெட்டு கிலோ சல்பைடுக்கு முப்பத்துநான்கு கிலோ வாயு, இந்த முப்பத்தொன்பதுக்கு அதில் பாதி, பதினேழு. தொட்டி இருக்கும் மூடிய கொட்டகைக்குள் ஆறு பேர். அதில் ஒரு பங்கே அவர்களைக் கொல்லப் போதும். திரும்ப அழைத்தாள். அவர் எடுக்கவில்லை.

ஓடினாள். கொட்டகை வாசலிலேயே அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது.

"அண்ணா, கொட்டாதீங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

இருமிக்கொண்டே வந்தவர்களை எண்ணினாள். ஆறு பேரும் இருந்தார்கள்.

"ஒரு கரண்டிதாம்மா போட்டோம்," என்றார் ராஜசேகர்.

 மாதேஸ்வரி எல்லாரையும் கொட்டகையிலிருந்து இன்னும் தள்ளி அழைத்துப் போனாள்.