சுகாதாரக் கேடு

மெக்கானிக் கோபி ஏசியின் மூடியைத் தூக்கி ஃபில்டரை வெளியே இழுத்தபோது, பழைய கம்பளித் துண்டு ஒன்று கழன்று வருவது போலிருந்தது. உள்ளே காற்றைத் தள்ளும் ப்ளோயர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரச் சாக்கின் வாடை அறையில் பரவியது.

“சர்வீஸ் பண்ணி எவ்ளோ நாளாச்சு சார்?”

வாங்கி மூன்று வருடம், ஒரு தடவைகூடச் செய்யவில்லை என்றேன்.

“இந்தக் காத்ததான் சார் பாப்பா தெனம் இழுத்துனு இருந்திருக்கு.”

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயைச் செருகிக்கொண்டே சொன்னான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே தனம் அக்காவின் மாட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது.

நாங்கள் வேங்கிக்காலில் வீடு கட்டி வருவதற்கு வெகு முன்பிருந்தே பக்கத்து மனையில் அவர் இரண்டு மாடுகளோடு இருந்தார். போன வருடம் என் மகள் கவிநிலாவுக்குக் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் தொடங்கியது. பிறகு கண் அரிப்பு, அதன் பிறகு இழுப்பு. வைக்கோல் தூசும் சாணமும்தான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். சன்னல்களை அடைத்தேன். பள்ளிவிட்டு வந்ததிலிருந்து மறுநாள் காலைவரை குழந்தையை ஏசி அறையிலேயே வைத்தேன். இழுப்பு கூடியது. அது கூடக்கூட மாடுகள் மீது என் வெறுப்பும் கூடியது. கீழ்பென்னாத்தூரில் தன் அண்ணன் வீட்டு மாடுகளுக்கு நடுவே நான்கு நாள் விளையாடியும் பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லையே என்று என் மனைவி அருணாதேவி ஒருமுறை சொன்னாள். காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

அரசு அலுவலகத்தில் எழுத்தர் நான். மனு எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. ‘குழந்தையின் உயிருக்கு ஊறு விளைவிக்கும் சுகாதாரக் கேடு’ என்று எழுதி, அந்த வரியைத் திரும்பப் படித்துத் திருப்திப்பட்டுக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது. பத்தே நாளில் சுகாதார அலுவலகத்து ஆட்கள் வந்து, மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டுப் போனார்கள். தனம் அக்கா சண்டைக்கு வரவில்லை. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன செய்வது என்று தெருவில் சொன்னாராம். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு மாடுகளை ஏற்றிப்போக வேன் வந்தது. அன்றைக்கு நான் வேண்டுமென்றே அலுவலகத்திலிருந்து தாமதமாகத் திரும்பினேன்.

மாடுகள் போய் ஒரு மாதமாகியும் இழுப்பு நிற்கவில்லை. டாக்டர்தான் முதன்முதலில் ஏசியைப் பற்றிக் கேட்டார்.

கோபி கழுவிவிட்ட தண்ணீர் மைபோல வாளியில் இறங்கியது. அன்றிலிருந்து சன்னல்களைத் திறந்துவைத்தோம். இரண்டு வாரத்தில் தும்மல் அடங்கியது. மருந்தை ஏறக்குறைய மறந்தே போனோம். தனம் அக்காவிடம் போய்ச் சொல்லச் சொன்னாள் அருணாதேவி. நாளைக்கு, நாளைக்கு என்றேன். அவர் வாசலில் நின்றால் வண்டியை வேறு தெரு வழியாக ஓட்டினேன்.

ஒரு காலையில் கடையில் பால் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்றிருந்தவர் திரும்பினார். தனம் அக்கா.

“பாப்பாக்கு இப்ப எப்டி இருக்கு தம்பி?”

“நல்லா இருக்குங்கக்கா.”

“அப்ப வித்ததும் நல்லதாத்தான் போச்சு” என்று சிரித்தார்.

என் தலை தானாக ஆடியது. ஆட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

“மாட்டால இல்லக்கா. எங்க ஏசிதான். உள்ள முழுக்கப் பூஞ்சை. நான் கவனிக்காம விட்டுட்டேன்.”

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. அவர் திட்டினால் தேவலை என்று காத்திருந்தேன்.

“எப்பத் தெரிஞ்சுது?”

“இருபது நாளாச்சு.”

கடைக்காரர் அரை லிட்டர் பாக்கெட் ஒன்றை அவரிடம் நீட்டினார். அதை வாங்கி, மேலே வழிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டு நின்றார்.