கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"கோடி வந்துருச்சா, கோடி வந்துருச்சா" என்று வாசலைப் பார்த்துக் கேட்டுக் கேட்டே ரங்காத்தாளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அவள் மகன் கதிர்வேல் ஹாலில் குளிர்பெட்டிக்குள் கிடந்தான். மருமகள் சத்யப்பிரியா பெட்டியின் கண்ணாடி மூடியில் படிகிற ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் புருஷன் முகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மங்கிவிடும்.

"பொறந்த ஊட்டுக் கோடி போடாம எப்படி எடுக்கறது? உந்தம்பி எங்க சாமி போயிட்டான்?"

"வருவானுங்க அத்தை."

பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பதே அந்த ஒரு தம்பிதான், அருள்செல்வன். தீயணைப்பு நிலையத்தில் வேலை. அவன் கோடித் துணி கொண்டுவந்து அக்காள் தலையில் போர்த்தினால்தான் பிணத்தைத் தூக்குவார்கள்.

வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? "ஒரு கொப்புளங்கூட இல்ல பாரு, தூங்கறாப்பலயே இருக்குது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், ஏதோ அவளுக்குச் சலுகை கிடைத்துவிட்ட மாதிரி. நெருப்பு கதிர்வேலைத் தொடவில்லைதான். புகை போதுமானதாக இருந்தது.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் அவன் செக்கிங் சூப்பர்வைசர். பஞ்சுத்தூசி ஒட்டினால் துணி போச்சு என்று செக்கிங்குக்கு மட்டும் நாலு பக்கமும் கண்ணாடி வைத்து ரூம் கட்டியிருந்தார்கள். நேற்றுக் காலை குடோனில் தீப்பிடித்தபோது அத்தனை பேரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள், அவனைத் தவிர. சத்யப்பிரியா தலைவிரி கோலமாக கேட்டுக்குப் போய் நின்றபோது, தீயணைப்பு வண்டியிலிருந்து குதித்து இறங்கியது அவள் தம்பி. சாமியே வந்து இறங்கியதுபோல் இருந்தது அவளுக்கு.

"அருளு, மாமா கண்ணாடி ரூம்லதாண்டா இருப்பாரு!"

"பயப்படாதக்கா. கையில கேமரா இருக்குது."

அந்த வெப்பக் கேமரா நிலையத்துக்குப் புதிதாக வந்தது. புகையோ இருட்டோ, உடம்புச் சூட்டை வைத்தே ஆளைக் காட்டிவிடும். "எமனே ஒளிஞ்சு நின்னாலும் காட்டிப்போடும்" என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் அருள் அளந்துவிடுவான். "எங்க ஓனரைக் காட்டிப் பாரு மாப்ளே, நெஞ்சுல எங்கயாச்சும் கதகதப்பு தெரியுதான்னு" என்று கதிர்வேல் கிண்டல் செய்வான்.

உள்ளே போன தம்பி திரும்பி வந்தான். "அங்க யாருமில்லக்கா. நல்லாப் பாத்துட்டேன். மாமா பின்னால கேட்டு வழியாப் போயிருப்பாரு."

அப்பாடா என்று இருந்தது. எல்லாரும் பின்பக்கம் தேடப் போனார்கள். யாரோ கொடுத்த டீயை அவள் வாங்கிக் குடித்தாள். சர்க்கரை தூக்கல். அந்த டீயைக் குடித்ததை நினைத்தால் இப்போது தொண்டையை அறுத்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது. தீ அடங்கிய பிறகு பார்த்தால், கண்ணாடி ரூமின் கதவை ஒட்டி உள்பக்கம் சரிந்து கிடந்தான் கதிர்வேல்.

மாலையோடு சுரேஷ் வந்தான். அருளோடு ஒரே நிலையத்தில் வேலை செய்கிறவன், அவனோடு பலமுறை இந்த வீட்டில் சாப்பிட்டவன். மாலையை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குந்தினான். ஆறுதல் சொல்லத்தான் வந்தான், பாவி.

"அருளை மனசுல வெச்சுக்காதீங்கக்கா. அந்தக் கேமராவுக்குக் கண்ணாடின்னா செவுரு மாதிரிங்க. அந்தப் பக்கம் ஆளு இருந்தாக் காட்டாது. முன்னால நிக்கற நம்மளையேதான் திருப்பிக் காட்டும். அதையே நம்பி நின்னுறாதீங்க, கதவைத் தொறந்து கையை உட்டுத் தடவிப் பாருங்கன்னு ட்ரெய்னிங்ல தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. அன்னைக்கு அருள் இல்லீங்களே. மறுநாள் நாந்தான் பட்டனை மட்டும் காட்டிக்குடுத்தேன்."

"எங்க போயிருந்தான்?"

சுரேஷ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "உங்க ஊட்டுக் காதுகுத்துக்குத்தானுங்கக்கா."

குண்டடத்துக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோயில். மகள் கிருத்திகாவை மடியில் வைத்துக் காதுகுத்த தாய்மாமன் வேண்டும். ட்ரெய்னிங் இருக்குது, லீவு கிடைக்காது என்று அருள் எவ்வளவோ சொன்னான். "தாய்மாமன் மடியில்லாம எம்புள்ளைக்குக் காது குத்தறதா? அப்புறம் தம்பின்னு நீ எதுக்குடா இருக்கற?" என்று போனிலேயே கத்தியவள் சத்யப்பிரியாதான். கதிர்வேல் தீயணைப்பு நிலைய அதிகாரிக்கே போன் போட்டுக் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக் கொடுத்தான். ட்ரெய்னிங்தானுங்களே, மறுக்கா வெச்சுக்கலாமுங்க என்றான். தன் சாவுக்குத் தானே சிபாரிசு.

அவளுக்கு யாரையாவது பிடித்துக் கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது.

வாசலில் சலசலப்பு. "கோடி வந்துருச்சு!" என்றாள் ரங்காத்தாள். தட்டில் வெள்ளைத் துணியோடு அருள் வந்தான். கிருத்திகா ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு, தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். அவள் காது இன்னும் ஆறவில்லை, மஞ்சள் பூசியிருந்தது. தட்டை அங்கிருந்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு அருள் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். துணியை மட்டும் எடுத்துக்கொண்டு அக்காள் முன்னால் வந்து நின்றான்.

அவள் தலையைக் குனியவில்லை.

"கதவைத் தொறந்தயா?"

ஒப்பாரி நின்றுபோனது.

"இல்லக்கா."

"கேமராவுல என்னதான் தெரிஞ்சுது?"

"ஒரு ஆளு நின்னாப்பல இருந்துச்சு. கையை ஆட்டுனேன். அதும் ஆட்டுச்சு. அட, நம்ம நெழலுதான், உள்ள யாருமில்லைன்னு…"

காதுகுத்தைச் சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் பாதிப் பாவம் தன் தலையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும். விழுங்கிக்கொண்டாள்.

"பொட்டியைத் தொற. கையை உட்டுப் பாரு. ஆளு இருக்குதான்னு பாத்துட்டு வந்து கோடியைப் போடு."

"சத்யா! என்ன பேச்சு சாமி இது, நாலு பேருக்கு முன்னால!" ரங்காத்தாள் பதறினாள்.

"பாக்கட்டுங்க அத்தை."

அருள் குழந்தையை இறக்கிவிட்டான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மூடியைத் தூக்கினான். உள்ளேயிருந்து வெள்ளையாகக் குளிர் கிளம்பியது. கதிர்வேலின் நெஞ்சில் கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. சுரேஷ் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எடுத்தான்.

பிறகு வந்து துணியை விரித்து, இப்போது குனிந்திருந்த அக்காள் தலையில் போட்டான். பெண்கள் மறுபடியும் குரலெடுத்தார்கள். அவள் அழவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே நுழையப் பார்த்த கிருத்திகாவை மெல்ல விலக்கி, "புள்ள காதுல பட்டுறப் போவுது, பாத்துப் போடு" என்றாள்.

துணியை அவன் பின்னால் இழுத்துவிட்டபோது விரல்கள் அவள் பிடரியில் பட்டன. சில்லென்று இருந்தன. அவள் தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.