பொயானாவுக்கு எந்தப் பக்கம்?

சனிக்கிழமை காலை பத்து மணி. க்ளூஜ் நகரத்தை விட்டு வெளியேறும் சாலையில் இருக்கும் பெட்ரோல் பங்கில், கோர்னெல் தன் வண்டியின் ஹேண்டில்பாரில் போனைப் பொருத்தித் திருகிக்கொண்டிருந்தான். பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று பெட்டிகள் மாட்டிய பெரிய டூரிங் மோட்டார் சைக்கிள். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவன் தொழில். முடியளவு பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்கிறவன். அதனாலோ என்னவோ, மனிதர்கள் வாயால் சொல்லும் வழியை அவன் நம்புவதே இல்லை.

அவன் மனைவி லவீனியா காபிக் கோப்பையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மெயின் ரோட்டுலயே போயிடலாமே. மூணு மணி நேரம்தான்."

"போன்ல வளைவு ரோடு போட்டிருக்கேன். அரை மணி கூட ஆகும், அவ்வளவுதான். ஒன்றரைக்கு அங்க இருப்போம்."

"பஸ் நாலு மணிக்கு, கோர்னெல்."

"தெரியும்."

அது பொயானாவிலிருந்து ஸ்பெயினுக்குப் போகிற பஸ். அந்த ஊரில் இருக்கும் லவீனியாவின் தம்பி சில்வியு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கட்டட வேலைக்குப் போகிறான். போனால் எப்போது திரும்புவானோ. கூரைக்கு ஓடு போடுவதில் கெட்டிக்காரன். மூன்று வருஷத்துக்கு முன், லவீனியாவுடைய அம்மாவின் நினைவு விருந்தில், ஊரே உட்கார்ந்திருந்த மேசையில், அவன் வேலை பார்த்த ஒரு வீடு ஒழுகுகிறது என்று யாரோ சொல்ல, "சில்வியு ஓடு போட்ட வீட்டுல குடை பிடிச்சுக்கிட்டுத்தான் சூப் குடிக்கணும்" என்று கோர்னெல் சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சில்வியு எழுந்து போனவன்தான். அதன்பின் கோர்னெலின் போனை எடுத்ததில்லை. இப்போது அக்காவிடம், "வந்தா பாக்கலாம். பஸ் நாலு மணிக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் கோர்னெல் போகிறான். அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

முதல் குழப்பம் ஒரு சிறு நகரத்தின் வாசலிலேயே வந்தது. அங்கே புதிதாக ஒரு ரவுண்டானா கட்டியிருந்தார்கள். போனுக்கு அது தெரியாது. "நேராகச் செல்லவும்" என்றது ஹெல்மெட்டுக்குள் இருந்த குரல். நேராகப் பூச்செடிதான் இருந்தது. கோர்னெல் ஒரு சுற்றுச் சுற்றினான். "திரும்பி வரவும்" என்றது. இன்னொரு சுற்று. பின்னால் லவீனியா தன் போனில் வேறொரு செயலியைத் திறந்தாள். அது மூன்றாவது பிரிவில் திரும்பு என்றது. இவன் போன் காட்டிய திசையில் இருந்தது இரண்டாவது பிரிவு. ஓரத்தில் தர்பூசணி விற்றுக்கொண்டிருந்த பெண், நான்காம் சுற்றில் அவர்களைப் பார்த்துக் கையசைத்து வணக்கம் சொன்னாள்.

"நாலாவது தடவ பாக்குறா. சொந்தக்காரங்கன்னு நெனச்சிட்டா போல. எறங்கி அவளையே கேளு."

"அவளுக்குத் தர்பூசணி தெரியும். ரோடு என்ன தெரியும்?"

"ரோட்டோரத்துலதானே உக்காந்திருக்கா!"

கோர்னெல் இரண்டாவது பிரிவில் திரும்பினான். லவீனியா அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "இருபத்திரண்டு வருஷமா நான் வலதுன்னு சொன்னா ஏன்னு கேப்ப. போன்ல பேசுற அந்தப் பொம்பள சொன்னா மட்டும் மறுபேச்சில்லாம திரும்புற."

வளைவுச் சாலை அழகாகத்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு மணி வெயில் நேராகப் போன் மேல் அடித்தது. திரை மங்கியது. சூடு அதிகம் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. பிறகு போன் தானாகவே அணைந்துபோனது. லவீனியாவின் போனில் சிக்னல் இல்லை. ஒரு கிராமத்துக் கடை முன்னால் நிறுத்தினார்கள். கடைவாசல் பெஞ்சில் நான்கு பேர் பீர் குடித்தபடி அவர்களையே பார்த்தார்கள். கேட்டால் நால்வரும் எழுந்து வந்து சொல்லியிருப்பார்கள். கோர்னெலோ குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி, காய்ச்சல்காரனுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல் போனுக்கு வைத்துக்கொண்டிருந்தான்.

போன் உயிர் பெற்றபோது தூறல் ஆரம்பித்திருந்தது. போய்ச் சேரும் ஊரை மறுபடி போட வேண்டியிருந்தது. கையுறை போட்ட விரலால் 'பொயானா' என்று தட்டினான். அந்தப் பக்கத்தில் பொயானா என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை. புல்வெளி என்று அர்த்தம்; மலைக்கு மலை ஒன்று இருக்கும். திரையில் வரிசையாக ஆறு பொயானா வந்து நின்றது. மழைத்துளி விழுந்து திரை தானாக நகர்ந்தது. ஈர விரல் எதன் மேலோ பட்டது. நீலக் கோடு வந்துவிட்டது. கோடு வந்ததும் கோர்னெலுக்கு நிம்மதி வந்தது. எந்தப் பொயானா என்று பார்க்கத் தோன்றவில்லை.

அரை மணி நேரம் கழித்து லவீனியா சொன்னாள்: "கோர்னெல், ஆறு வலப்பக்கம் ஓடுது. நான் ரெண்டு தடவ சில்வியு வீட்டுக்கு ரயில்ல போயிருக்கேன். ஆறு கூடவே இடப்பக்கம் வரும்."

"ரயில் ஒரு பக்கம் போகும், ரோடு ஒரு பக்கம் போகும்."

"மலையும் பின்னாடி போகுதே."

"போன்ல போட்டிருக்கு லவீனியா!"

அவன் குரலில் இருந்த உறுதி அவன் மனசில் இல்லை. அவனுக்கும் எதுவோ பிசகியது தெரிந்தது. ஆனால் நிறுத்தினால், தப்பாக வந்தோம் என்று ஆகிவிடும். நிறுத்தாதவரை எதுவும் ஆகவில்லை. இப்படி ஒரு கணக்கில் அவன் வண்டியை விரட்டினான்.

சரியாக இரண்டு மணிக்கு, "நீங்கள் இடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது குரல். எதிரே ஒரு புல்வெளி. வைக்கோல் போர்கள். ஒரு செம்மறிப் பட்டி. நாய் ஒன்று குரைத்துக்கொண்டே ஓடி வந்தது. சில்வியுவும் இல்லை, பஸ்ஸும் இல்லை, தேவாலயமும் இல்லை.

லவீனியா ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் திட்டவில்லை. அதுதான் அவனைக் கலக்கியது.

"அவன் என் ஒரே தம்பி" என்றாள்.

கோர்னெல் கையுறையைக் கழற்றினான். சரியான பொயானாவைத் தேடிப் போட்டான். மிகக் குறுகிய வழி: காட்டுக்குள்ளே முப்பத்தெட்டு கிலோமீட்டர். "மூணேகாலுக்குப் போயிடலாம்" என்றான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

காட்டுச் சாலை கொஞ்ச தூரத்தில் ஜல்லியாக மாறியது. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள். திரையில் நீல அம்பு ஒரு சமயம் சாலையிலும், ஒரு சமயம் ஓடைக்குள்ளும் நின்றது. "வழி மீண்டும் கணக்கிடப்படுகிறது" என்று குரல் ஓயாமல் சொன்னது. கோர்னெலின் கண் போனுக்கும் சாலைக்கும் தாவி, கடைசியில் போனிலேயே தங்கிவிட்டது.

வளைவுக்கு அப்பால், சாலையின் நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். மஞ்சள் சட்டை. கையில் சிவப்புக் கொடி. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள், கத்தினாள். லவீனியாதான் முதலில் பார்த்தாள்.

"நிறுத்து! ஆள்! ஆள் நிக்குது! கோர்னெல்!"

அவன் நிமிர்ந்தபோது கொடி முகத்துக்கு நேரே இருந்தது. பிரேக்கை மொத்தமாகப் பிடித்தான். ஜல்லியில் சக்கரம் வழுக்கியது. அந்தப் பெண் பக்கவாட்டில் பள்ளத்தில் குதித்தாள். வண்டி சாய்ந்து, பெட்டி தரையில் உரசிக்கொண்டே இழுத்துப் போய் நின்றது.

லவீனியா அடிபடாமல் எழுந்தாள்; கோர்னெலும் எழுந்து பார்த்தான். வண்டியின் முன்சக்கரத்துக்கு அப்பால் எட்டடிதான். அங்கே சாலை இல்லை. முந்தின வாரத்து மழையில் சிறுபாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. கீழே, கற்களுக்கு நடுவே ஓடை சத்தம் போட்டது. ஹேண்டில்பாரில் இருந்த போன், "நானூறு மீட்டர் நேராகச் செல்லவும்" என்றது.

"யோவ்! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" பள்ளத்திலிருந்து குரல் வந்தது. "ஒரு ஆளு குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், கொடி ஆட்டுறேன், தொண்ட கிழியக் கத்துறேன். அந்தத் தீப்பெட்டிய பாத்துக்கிட்டு மேலயே வர்றியே! என்னைவிட அதுக்குத் தெரியுமா, பாலம் இருக்கா இல்லையான்னு?"

அவள் பெயர் அனூட்சா. சாலைத் தொழிலாளி. ஐம்பது வயதிருக்கும். எழுந்திருக்க முயன்று, வலி தாங்காமல் மறுபடி உட்கார்ந்தாள். கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. தடுப்புப் பலகை வைத்திருந்தார்களாம். நேற்று ஒரு கார்க்காரனும் இப்படியே வந்து அதை உடைத்துவிட்டுப் போனானாம். புதுப் பலகை எடுக்க அவளுடைய கூட்டாளி டிப்போவுக்குப் போயிருந்தான்.

"அவன் வர்ற வரைக்கும் நான் இங்கேயே கிடக்கேன். நீங்க கிளம்புங்க. அவசரமாத்தானே வந்தீங்க" என்றாள், ஏளனமாக.

கோர்னெல் மனைவியைப் பார்த்தான். மணி மூன்றாகப் போகிறது. பொயானாவுக்கு வேறு வழி இருந்தால் இப்போது கிளம்பினால்கூடப் பிடித்துவிடலாம். லவீனியாவும் அதையே நினைத்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் குனிந்து கொடியை எடுத்தாள்.

"நீ இவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் இங்க நிக்கிறேன். யாராச்சும் நிக்கணும்ல?"

"பஸ்..."

"போ, கோர்னெல்."

மூவருமாக வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது; இருவர் தூக்க, அனூட்சா உட்கார்ந்தபடியே எப்படித் தூக்குவது என்று சொன்னாள். கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. கோர்னெல் போனைக் கழற்றிப் பைக்குள் போட்டான். பிறகு அன்றைக்கு முதல் தடவையாக ஒரு மனிதரிடம் கேட்டான்: "எந்தப் பக்கம் போகணும்?"

"வந்த வழியே திரும்பு. மரமில்லு வரும், இடப்பக்கம். சொல்றேன், ஓட்டு."

மரம் அறுக்கும் மில் இருந்த ஊரில் ஒரு சிறிய மருத்துவ நிலையம். செவிலி கட்டுப் போட்டுக்கொண்டே, "எப்படி ஆச்சு?" என்று கேட்டாள். அனூட்சா வாயைத் திறப்பதற்குள் கோர்னெல் சொன்னான்: "என்னால. போனப் பாத்துக்கிட்டே ஓட்டினேன். எழுதிக்கங்க, கையெழுத்துப் போடறேன்." அனூட்சா அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அதற்கப்புறம் 'யோவ்' போய்விட்டது.

அங்கே சிக்னல் இருந்தது. கோர்னெல் சில்வியுவின் எண்ணை அழைத்தான். எடுக்கமாட்டான் என்றுதான் நினைத்தான். எடுத்தான்.

"சில்வியு, நான் கோர்னெல். வர்றதா இருந்தோம். முடியல போலிருக்கு. தப்பு என்னோடது. உன் அக்கா காட்டுக்குள்ள நிக்கிறா."

"எந்தக் காட்டுல?"

"எனக்கே தெரியல."

"பக்கத்துல யாராவது ஊர்க்காரங்க இருந்தா குடு."

அனூட்சா போனை வாங்கினாள். யாருடைய மகன், எந்த வீடு என்று இரண்டு வார்த்தை விசாரித்தாள். பிறகு அரை நிமிஷத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டாள். "பஸ் பெரிய ரோட்டுல, சுண்ணாம்புச் சூளை பிரிவத் தாண்டித்தான் போகணும். அஞ்சு மணி ஆகும். இவங்க காட்டுலேர்ந்து நேரா அங்க வந்துடலாம். நீ டிரைவர்கிட்ட சொல்லி நிறுத்திவை தம்பி." போனைக் கோர்னெலிடம் கொடுத்து, வழியைச் சொன்னாள். அவன் பள்ளிப் பிள்ளைபோல் இரண்டு தடவை திருப்பிச் சொன்னான்.

அவன் காட்டுக்குத் திரும்பியபோது புதுப் பலகை வந்திருந்தது. லவீனியாவின் முகம் தூசியால் வெளுத்திருந்தது. வண்டியில் ஏறியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "நாலு கார் வந்துச்சு, கோர்னெல். மூணு பேரு கொடி கண்ணாடில படுற வரைக்கும் என்னப் பாக்கவே இல்ல. நானும் கை வலிக்க ஆட்டுறேன். ரோட்டுல நிக்கிற ஆளுன்னு ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியல."

போகிற வழியில் கோர்னெல் இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டான். பால் கேன் ஏற்றிக்கொண்டிருந்தவன் சொன்னது ஒன்று, தபால்காரி சொன்னது ஒன்று, மறுபடி குழப்பம். மூன்றாவதாக ஒருவரைக் கேட்டுத் தெளிந்தான். பிரிவுக்கு வந்தபோது ஐந்தைத் தாண்டியிருந்தது. வெள்ளை பஸ் ஓரமாக நின்றது. டிரைவர் கீழே இறங்கி, "ஆறு நிமிஷம்! அதுக்கு மேல ஒரு செகண்டு கிடையாது!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார்.

லவீனியா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுததிலேயே மூன்று நிமிஷம் போனது. பிறகு சில்வியு, மண் அப்பிய சட்டையோடு நின்ற கோர்னெலைப் பார்த்தான்.

"அன்னிக்கு மேசையில நான் சொன்னது தப்பு" என்றான் கோர்னெல். "உன் வேலையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. சிரிக்கணும்னு சொன்னேன். மூணு வருஷமா உறுத்துது."

"அந்தக் கூரை ஒழுகுச்சுதான்" என்றான் சில்வியு. "ஆனா ஓடு அந்த வீட்டுக்காரன் மாட்டினது. என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்ல." கையை நீட்டினான். கோர்னெல் பிடித்துக்கொண்டான், விடவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"காலைல பத்து மணிக்குக் கிளம்பினவன், இங்க எப்படிதான் வந்து சேர்ந்த?" என்று படியில் கால் வைத்தபடி சில்வியு கேட்டான்.

"கேட்டுக் கேட்டு வந்தேன். போன் மேல தப்பில்ல சில்வியு, அது பாட்டுக்குத் தெரிஞ்சதச் சொல்லுது. தப்பு என்னோடது. ரோட்டப் பாக்க வேண்டிய கண்ணையும், மனுஷங்க பேச்சக் கேக்க வேண்டிய காதையும் அதுகிட்ட எழுதிக் குடுத்துட்டேன். இன்னிக்கு ஒரு பொம்பளையக் கொல்லப் பாத்தேன். வண்டியில போறவன் கண்ணு ரோட்டுல இருக்கணும். வழி தெரியலைன்னா நிறுத்தி, எறங்கி, பக்கத்துல நிக்கிற மனுஷனக் கேக்கணும். இதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல."