மஞ்சள் கிளிப் அவன் பக்கம்

ஈசிஜி அறையில் வேலை பார்ப்பவனுக்கு நெஞ்சு வலித்தால் ஒரு வசதி உண்டு. வரிசையில் நிற்க வேண்டாம், தானே ஏறிப் படுத்துக்கொள்ளலாம்.

அவனோடு அதே அறையில் வேலை பார்த்தவள், "நமக்குள்ள சரிப்பட்டு வராது" என்று மூன்றே சொல்லில் முடித்துக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்து வாரமாகிறது. அன்றிலிருந்து சாப்பாடு தொண்டைக்குழியோடு நின்றுவிடுகிறது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. படியேறினால் மார்பின் மேல் யாரோ சம்மணமிட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இவ்வளவுக்கும் ஈசிஜி தாளில் ஒரு கோணலாவது விழாமலா போய்விடும்? அதைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் அவனுக்கு.

"படு, நான் மாட்டுறேன்" என்றாள் நர்ஸக்கா.

"நாலு வருஷமா மாட்டுறவன்க்கா நான். நீங்க பட்டனை மட்டும் அமுக்குங்க."

ஜெல் பட்டதும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. விட்டுப்போனவள் இங்கே இருந்தவரை ட்யூபை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டுத்தான் பிதுக்குவாள். "பாவம், பயந்துபோய் வந்திருக்காங்க. குளிர வேற வைக்கணுமா?" என்பாள். நோயாளியின் வலக்கைப் பக்கம் அவள், சிவப்புக் கிளிப். இடக்கைப் பக்கம் அவன், மஞ்சள். நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வயிற்றுக்கு மேலே இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தாள் வந்தது.

"டேய், முதல் கோடே தலைகீழா விழுதுடா!"

பயத்தோடு அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது. ஓடிவந்த டாக்டர் தாளைப் பார்த்தார், அவன் கைகளைப் பார்த்தார்.

"இதயம் இருக்கிற இடத்துலதான் இருக்கு. கிளிப்தான் கை மாறியிருக்கு. எத்தனை வருஷ சர்வீஸ் தம்பி?"

மஞ்சள் தன் பக்கம், சிவப்பு அவள் பக்கம் என்றே பழகியவன். படுத்ததும் எது யார் பக்கம் என்பது குழம்பிவிட்டது.

மாற்றி மாட்டி எடுத்த தாள், பாடப்புத்தகத்தில் போடலாம்போல் வந்தது.

"நார்மல்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

"ஆனா வலிக்குதேக்கா."

"வலிக்காம? இந்த மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதுடா. எழுந்திரு, வெளியில ஆறு பேர் நிக்கிறாங்க."

தலைகீழ்த் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். முதலில் வந்த பெரியவர் சட்டையைக் கழற்றிப் படுத்து, வெகுநேரம் காத்திருந்தார்.

"என்ன தம்பி, ட்யூபைப் புடிச்சுக்கிட்டே நிக்கிற? தீந்துபோச்சா?"

"இல்லீங்க, இன்னும் சூடாகல."